பாறை மலையில் சிக்கிக்கொண்டால்: கிருஷ்ணகிரி, தருமபுரிக் கரடுகளில் ஏறுவோருக்கு ஒரு கையேடு

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கோ ராயக்கோட்டைக்கோ சாலை வழியே செல்பவர்களுக்கு இருபுறமும் எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைகள் பழகிப்போன காட்சிதான். எங்கள் ஊர்ப்பக்கம் அவற்றை மலை என்றுகூடச் சொல்வதில்லை, கரடு என்றுதான் சொல்வோம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம், பனி கிடையாது, மூச்சுத் திணறும் உயரமும் கிடையாது. அதனால்தான் யாரும் அவற்றுக்கு அஞ்சுவதில்லை. ஆனால் ஒருவர் பாறைச் சரிவின் நடுவே மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நின்றுவிட்டால், அவரை மீட்பதற்கு ஆகும் நேரம் மலையின் உயரத்தைப் பொறுத்து அமைவதில்லை. உதவி கேட்கும் செய்தி எப்போது போனது, இடம் எவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டது, கயிறு போட மேலே பிடிமானம் இருக்கிறதா, வெளிச்சம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

2022 பிப்ரவரியில் கேரளத்தின் மலம்புழாவுக்கு அருகிலுள்ள குரும்பாச்சி மலையில் ஓர் இளைஞர் இறங்கும்போது சறுக்கி விழுந்து, பாறைப் பிளவு ஒன்றில் சிக்கிக்கொண்டார். நண்பர்களின் முயற்சி பலிக்கவில்லை. கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டராலும் அவரை நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவ வீரர்கள் இரவில் மலை மீது ஏறி, காலையில் மேலிருந்து கயிறு வழியே இறங்கி அவரை மீட்டபோது 40 மணி நேரத்துக்கும் மேல் கடந்திருந்தது. குரும்பாச்சியும் ஊரை ஒட்டிய மலைதான். நம் கரடு ஒன்றில் இப்படி நேர்ந்தால் அந்த 40 மணி நேரத்தை நான்காகக் குறைப்பது எப்படி என்பதையே இந்தக் கையேடு முழுவதும் எண்ணி எழுதியிருக்கிறேன்.

கரட்டின் வடிவம்

பாதை தவறுவது, கால் வழுக்குவது ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். நம் பாறைகளுக்கே உரிய ஒரு பொறியைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் பாறைகளும் அவற்றை ஒத்த நைஸ் பாறைகளும் பல லட்சம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் வெங்காயத்தோல் உரிவதுபோல் படலம் படலமாக உரிந்து, கவிழ்த்து வைத்த சட்டியின் வடிவத்தைப் பெற்றவை. கவிழ்த்த சட்டியின் நடுவில் நிற்கும் எறும்புக்கு விளிம்பு தெரியாது. சில அடி தூரத்துக்குத் தரை சற்றே சரிந்திருப்பதாக மட்டும் தெரியும். உச்சியில் நிற்கும் மனிதருக்கும் இதே நிலைதான். ஏறிய வழியை விட்டு, ‘இந்தப் பக்கமாக இறங்கினால் ஊர் கிட்டே வரும்’ என்று அவர் நடக்கத் தொடங்குகிறார். முதல் இருபது அடி எளிதாக இருக்கிறது. அடுத்த இருபது அடியில் கைகளைப் பின்னால் ஊன்ற வேண்டியிருக்கிறது. அதற்கடுத்து உட்கார்ந்து நகர்கிறார். சரிவு நிற்க முடியாத அளவுக்குச் செங்குத்தாகிவிட்டது என்று உணரும்போது, திரும்பி மேலே ஏறவும் முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார். ஏறும்போது கண்ணும் கையும் பிடிமானத்துக்கு அருகில் இருக்கும். இறங்கும்போது கால் போகும் இடத்தை வயிறு மறைக்கும். ஆகவே, ஏற முடிந்த இடத்தில் இறங்கவும் முடியும் என்ற கணக்கு பாறையில் செல்லாது.

இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான்: ஏறிய வழியிலேயே இறங்க வேண்டும். உச்சியில் நின்று கீழே பார்க்கும்போது சரிவின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் நேரே வயலோ சாலையோ தெரிந்தால், இடையில் நீங்கள் பார்க்காத செங்குத்து ஒன்று இருக்கிறது என்று பொருள்.

உரியும் படலங்களைப் பற்றியும் ஒரு சொல். பாறை மேல் பலகைபோல் கிடக்கும் சில தகடுகள் அடியில் ஒட்டாமல் வெறுமனே கிடப்பவை. கையால் தட்டினால் குடத்தைத் தட்டியதுபோல் வெற்றொலி எழும். அப்படிப்பட்ட தகட்டைப் பிடிக்கவும் கூடாது, அதன் மேல் நிற்கவும் கூடாது. மழைக்காலத்தில் சுனைகளிலிருந்து கசியும் நீர் ஓடும் தடம் கறுத்துக் காணப்படும். அந்தக் கறுப்பு பாசி. காய்ந்திருக்கும்போது கால் பிடித்து நிற்கும் அதே இடம், தூறல் விழுந்த ஐந்து நிமிடத்தில் எண்ணெய் தடவியது போலாகிவிடும். காய்ந்த புல் படிந்த சரிவும் அப்படித்தான், அதற்கு மழைகூட வேண்டியதில்லை.

உருளும் கல்லின் ஆற்றலுக்கு எங்கள் ஊர் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் தலைமையிலான ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கியபோது, கீழ்க்கோட்டையைப் பிடித்த அப்படையால் மேல்கோட்டைக்கு ஏற முடியவில்லை. மேலிருந்தவர்கள் உருட்டிவிட்ட பாறைகள் ஏணிகளை நொறுக்கின. இன்று கோட்டைக்கு ஏறும் குழுவில் முன்னே செல்பவரின் காலில் இடறும் ஒரு கல்லும் பின்னே வருபவருக்கு அதைத்தான் செய்யும். ஆகவே செங்குத்தான இடத்தில் ஒருவர் பின் ஒருவராக நேர்க்கோட்டில் ஏறக் கூடாது. கல் நகர்ந்தால் வெட்கப்படாமல் ‘கல்லு, கல்லு’ என்று உரக்கக் கத்த வேண்டும்.

புறப்படும் முன்

முதலில் அனுமதி. ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்குள்ள பாதைகள் பொதுமக்கள் பயன்படுத்துபவை. தீர்த்தமலைக்குப் பக்தர்கள் நாள்தோறும் ஏறுகிறார்கள். ஆனால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்து மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு அல்லது காவிரி வடக்கு, தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வருபவை. அனுமதியின்றி நுழைவது குற்றம். சட்டத்தை விடுங்கள், மீட்பு என்ற கண்ணோட்டத்தில் பார்த்தாலும் அனுமதி பெறுவதன் பயன் பெரிது. எத்தனை பேர், எந்த வழியில், எப்போது திரும்ப வேண்டியவர்கள் என்ற தகவல் வனத்துறையிடம் ஏற்கெனவே இருக்கும், உடன் வழிகாட்டியும் வருவார். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகே தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களின் 40 பாதைகள் இணையவழிப் பதிவுக்குத் திறந்துவிடப்பட்டன; நம் பகுதியின் குத்திராயன் சிகரமும் வத்தல்மலையும் அவற்றில் உண்டு. யானை நடமாடும் காட்டில் கரடு தேடி அலைவதைவிட அந்தப் பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

இரண்டாவது, மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் சொல்லிவிட்டு ஏறுவது. இதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வண்டியை நிறுத்தும் இடத்துக்கு அருகில் இருக்கும் வீட்டிலோ தேநீர்க் கடையிலோ, “அண்ணா, நாங்க அஞ்சு பேர் இந்தப் பக்கமா ஏறுறோம், நாலு மணிக்குள்ள இறங்கிடுவோம். இறங்கலைன்னா இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க” என்று சொல்லி, ஒரு தாளில் எண்ணை எழுதிக் கொடுக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஓசூர் பக்கத்தில் அந்த வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசலாம். தாளில் எழுதிய எண்ணும் கையால் காட்டிய திசையும் எல்லோருக்கும் புரியும். அந்த வீட்டுக்காரருக்கு மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். தேடல் என்று வந்தால் முதலில் கிளம்பப்போகிறவரும் அவர்தான்.

மூன்றாவது நேரம். கோடையில் காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கிப் பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். நண்பகலில் பாறை வாணலிபோல் கொதிக்கும். ஏறும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை முதல் ஒரு லிட்டர் நீர் தேவைப்படும். சுனை நீரை நம்பிப் போகக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் கருமேகம் கூடினால் இடி இறங்கும் முதல் இடம் மொட்டைப் பாறையின் உச்சிதான். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்பதால், பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும், உச்சி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும்.

பையில் இருக்க வேண்டியவற்றில் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், டார்ச் விளக்கு, முழுதாக மின்னேற்றிய கைப்பேசி, விசில், கட்டுத்துணி, ஒரு பெரிய பருத்தித் துண்டு ஆகியவை போதும். விசிலைப் பலர் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்கிறார்கள். தொண்டை வறண்டு குரல் எழாத நிலையிலும் விசில் ஒலிக்கும், அது காற்றையும் தாண்டிக் கேட்கும்.

சிக்கிக்கொண்டவருக்கு

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரி விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் ஊருக்கு மேற்கே உள்ள ஒரு கரட்டில் ஏறினோம். இறங்கும்போது ஒருவன் மேலே சொன்ன கவிழ்த்த சட்டிப் பொறியில் மாட்டிக்கொண்டான். நாங்கள் மூவரும் மேலே நின்றபடி ஆளுக்கொரு யோசனை கத்தினோம்: வலது பக்கம் நகரு, செருப்பைக் கழற்று, படுத்துக்கொண்டு ஏறு. அவன் ஒவ்வொன்றையும் முயன்று ஒவ்வொரு முறையும் ஓரடி கீழே சறுக்கினான். வேட்டிகளை முடிந்து கீழே விடலாம் என்று ஒருவன் அவிழ்க்கவே தொடங்கிவிட்டான். அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கிருந்தோ வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனிடம் பேசினார்: “கண்ணு, அப்படியே குந்திக்கோ. பாறையோட ஒட்டிக் குந்திக்கோ. காலை எடுக்காத. நான் வரவரைக்கும் ஒண்ணுமே பண்ணாத, சாமி.” பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “நீங்க வாயை மூடுங்க” என்றார். கிணற்றடியிலிருந்து புது வடம் கொண்டுவந்து, மேலே வேரோடிய ஆலமரத்தில் கட்டி, தீயணைப்பு வீரர்கள் வந்து சேரும் வரை அவனை அசையாமல் உட்கார வைத்தது அவர்தான். அவன் பிழைத்தது அந்த ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் இருந்ததால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே சிக்கிக்கொண்டதை உணர்ந்த கணத்தில் முதல் வேலை நிற்பது. நின்ற இடம் உட்கார ஏற்றதாக இருந்தால், முதுகைப் பாறையோடு சேர்த்து, குதிகால்களை ஏதேனும் மேட்டில் ஊன்றி உட்கார வேண்டும். இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொங்கும் நிலையில் தசை சில நிமிடங்களிலேயே களைத்துவிடும், உட்கார்ந்த நிலையில் மணிக்கணக்கில் தாங்கலாம். சறுக்கிக்கொண்டே போய்விடலாம் என்ற எண்ணம் ஒவ்வொருவருக்கும் வரும். குவிந்த பாறையில் சறுக்கல் ஒருமுறை தொடங்கினால் சரிவு கூடக் கூட வேகமும் கூடுமே தவிர, தானாக நிற்காது.

அடுத்து கைப்பேசி. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, தேவையற்றவற்றை அணைத்து, முதல் அழைப்பையே அவசர உதவிக்குச் செய்ய வேண்டும். பத்து நண்பர்களுக்குத் தகவல் அனுப்பி மின்கலத்தைத் தீர்த்துவிட்டு, பிறகு 112ஐ அழைக்க நினைப்பது அடிக்கடி நிகழும் தவறு. இணையம் இல்லாவிட்டாலும் கைப்பேசியின் திசைகாட்டிச் செயலியோ வரைபடச் செயலியோ செயற்கைக்கோள் வழியே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காட்டும். பேச முடியாத அளவுக்குச் சமிக்ஞை மெலிந்திருக்கும் இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர்வதுண்டு என்பதால், அந்த எண்களை முதலிலேயே குறுஞ்செய்தியாக அனுப்பிவிட வேண்டும். இதே 2022 பிப்ரவரியில் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையை ஒட்டிய பாறைச் சரிவில் விழுந்த 19 வயது மாணவர் ஒருவர், தான் இருக்கும் இடத்தைக் கைப்பேசி வழியே தெரியப்படுத்தியதால் அன்றைக்கே விமானப்படையின் ஹெலிகாப்டர் அவரைத் தூக்க முடிந்தது.

கைப்பேசி இல்லையென்றால் விசில். ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, அடுத்த நிமிடம் அமைதியாக இருந்து, மீண்டும் ஆறு முறை ஊதுவது உலகெங்கும் மலையேறுவோர் ஏற்றுக்கொண்ட ஆபத்துக் குறி. இரவில் டார்ச் விளக்கை அதே கணக்கில் காட்டலாம், பகலில் கண்ணாடித் துண்டோ கைப்பேசித் திரையோ சூரிய ஒளியை நெடுந்தூரம் எறியும். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஒலி வந்தால் உங்கள் குறியைப் புரிந்துகொண்டார்கள் என்று அறியலாம்.

மேலே இருக்கும் நண்பர்களுக்கு

அடிக்கடி நடப்பது இதுதான்: முதலில் சிக்கியவரைக் காப்பாற்றப் போகும் இரண்டாமவரும் மாட்டிக்கொள்கிறார், சில வேளைகளில் முதலாமவர் பிழைக்க, இரண்டாமவர் விழுகிறார். ஆகவே யாரும் அவரிடம் இறங்கக் கூடாது. ஒருவர் அவரோடு கண்பார்வையிலோ குரலெட்டும் தூரத்திலோ இருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுபவர் ஒருவராக மட்டும் இருப்பது நல்லது. மற்றொருவர் அழைக்க வேண்டும். மூன்றாமவர் கீழே இறங்கிச் சாலையில் நின்று, வரும் வண்டிக்கு வழி காட்ட வேண்டும்.

112, 108 இரண்டில் எதை அழைத்தாலும் தீயணைப்பு மீட்புப் படைக்கும் காவல்துறைக்கும் செய்தி போகும். உங்கள் சிம் நிறுவனத்துக்கு அங்கே கோபுரம் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112க்கான அழைப்பு போகக்கூடும் என்பதால் அதை முதலில் முயலலாம். தீயணைப்புத் துறைக்கு நேரடி எண் 101, மாவட்ட ஆட்சியரகத்தின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அஞ்செட்டி, தளி, ஜவளகிரி எல்லையோரத்தில் அழைப்பு கர்நாடகக் கோபுரம் வழியே அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கே போய்விடக்கூடும். அதனால் பேச்சைத் தொடங்கும்போதே மாநிலம், மாவட்டம், வட்டம், ஊராட்சி என்ற வரிசையில் சொல்ல வேண்டும். மலையின் பெயரை மட்டும் சொல்வது போதாது. பெருமாள் மலை என்றும் ஆஞ்சநேயர் மலை என்றும் நம் மாவட்டங்களில் எத்தனையோ உண்டு. அருகிலுள்ள ஊர், அடிவாரத்துக் கோயில் அல்லது ஏரி, மலையின் எந்தத் திசைச் சரிவு, அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய எவ்வளவு உயரம், எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள், காயமா வெறும் சிக்கலா, கயிறு தேவையா, வண்டி எதுவரை வரும் என்பவற்றைச் சொல்லிவிட்டு, எதிர்முனையில் இருப்பவர் வைக்கும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ‘கயிறு தேவை, செங்குத்துப் பாறை’ என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் முதலில் வருவது ஆம்புலன்ஸ் மட்டும்தான். கயிறு இன்னொரு பயணத்தில் வரும்.

கயிறு கையில் இருந்தால் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். சிக்கியவரை இழுத்துத் தூக்க முயலக் கூடாது. அவர் மேலும் சறுக்காமல் இருக்கப் பிணைத்து வைப்பது மட்டும், நல்ல கயிறும் நல்ல பிடிமானமும் இருந்தால், செய்யத் தக்கது. துணி உலர்த்தும் நைலான் கயிறு, வேட்டி முடிச்சு, பழைய தேங்காய்நார்க் கயிறு எதுவும் ஆகாது. தொடை பருமனுள்ள, உயிரோடு வேரூன்றி நிற்கும் மரமோ அசைக்க முடியாத பாறையோ பிடிமானமாக வேண்டும். பாறை விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் கோணிப்பை வைக்க வேண்டும், இல்லையென்றால் கிரானைட்டின் முனை அரம்போல் அறுத்துவிடும். இடுப்பில் மட்டும் கயிறு கட்டி ஒருவரைத் தொங்கவிடுவது பேராபத்து, சில நிமிடங்களில் மூச்சும் இரத்த ஓட்டமும் தடைப்பட்டு மயங்கிவிடுவார். அவர் உட்கார்ந்தபடி, கயிற்றில் எடை விழாமல், ஒரு காப்பாக மட்டும் அது இருக்க வேண்டும்.

விழுந்தவருக்கு முதலுதவி

விழுந்தவரை அடைய முடிந்தால், மேலிருந்து கல் விழும் இடமா, தேனீக்கூடு உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு அணுக வேண்டும். இரத்தம் பீறிட்டால் துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துவதே மருத்துவமனை வரை செய்ய வேண்டிய வேலை. திறந்து திறந்து பார்ப்பது உறைந்த இரத்தத்தைக் கலைத்துவிடும். கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கைகால் மரத்துப்போகிறது என்றால், அந்த இடத்தில் வேறு ஆபத்து இல்லாதவரை அவரை அசைக்காமல் தலையை இரு கைகளாலும் நேராகப் பிடித்திருக்க வேண்டும். முறிந்த காலை இருந்த நிலையிலேயே குச்சிகளும் துண்டும் கொண்டு கட்டலாம். நினைவோடு இருப்பவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தலையிலோ வயிற்றிலோ பலத்த அடி என்றால் உதட்டை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மார்கழி இரவில் பாறை உடல் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் காயம்பட்டவருக்கு அடியில் பையையோ இலைதழையையோ பரப்புவது மேலே போர்த்துவதற்கு இணையாக முக்கியம். வெப்பத்தாக்கில் இதற்கு நேர்மாறு: பேச்சு குழறி, உடல் நெருப்பாய்ச் சுட்டால், நிழலில் கிடத்தி உடல் முழுவதும் தண்ணீர் தெளித்து விசிறிக் குளிர்விப்பதை முதலில் செய்து, தூக்கிச் செல்வதைப் பிறகு செய்ய வேண்டும்.

பாம்புக்கடியில் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், அவரை நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்.

கோட்டைகளிலும் மலைமுகடுகளிலும் பாறை விளிம்புக்கு அடியில் பலகைபோல் தொங்கும் மலைத்தேனீக் கூடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லெறிவதும் புகையும் நறுமணத் தைலமும் அவற்றைக் கிளப்பிவிடும். ஒரு தேனீ கொட்டியதும் அங்கு பரவும் வாசனை மற்றவற்றை அழைக்கும் என்பதால், கையால் அடித்துக்கொண்டு நிற்காமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்த வழியே ஓட வேண்டும். பாறைச் சரிவில் ஓட இடமில்லை என்றால் துண்டைத் தலைமேல் போர்த்திக் குப்புறப் படுத்துவிட வேண்டும். தேனீக்கு அஞ்சி ஓடிப் பள்ளத்தில் விழுவது கொட்டுவதைவிடக் கொடிது. காட்டுத்தீயில் மொட்டைப் பாறை நமக்குத் துணை நிற்கும். தீ மேட்டை நோக்கி விரைந்து ஏறும். ஆகவே புல்லும் புதரும் உள்ள சரிவில் மேல்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் நகர்ந்து, புல் முளைக்காத பாறைப் பரப்பின் நடுவுக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்கோ போய்விட வேண்டும்.

மீட்பவர்கள் வந்த பிறகு

தீயணைப்பு வீரர்கள் வந்ததும் பொறுப்பை முழுமையாக அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பொதுவாக அவர்கள் கீழிருந்து ஏறாமல், மலையைச் சுற்றி மேலே போய், இரண்டு தனித்தனிப் பிடிமானங்களில் கயிறு கட்டி, ஒருவரை இறக்குவார்கள். கீழே கூடியிருப்பவர்களுக்கு இந்தச் சுற்று வீண் தாமதமாகத் தோன்றும். ‘இங்கேயே ஏறலாமே’ என்று கூச்சலிடுவார்கள். மலம்புழாவிலும் மீட்பு மேலிருந்துதான் நடந்தது, இறங்கிய வீரர் முதலில் கொடுத்தது தண்ணீரைத்தான். நண்பர்கள் உதவ விரும்பினால், ஆடு மேய்ப்பவரையோ அடிவாரத்து விவசாயியையோ வீரர்களோடு சேர்த்துவிடுவதே பேருதவி. உச்சிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை எந்த வரைபடமும் அவரளவுக்குக் காட்டாது.

பாறையிலிருந்து மீட்ட பிறகும் ஆம்புலன்ஸ் வரை தூக்கிச் செல்ல வேண்டும். தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போன, தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர்மலை போன்ற இடங்களைக் கொண்ட பகுதி இது. சாலையில்லாத மலைக் கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவருவது எங்களுக்குப் புதிதல்ல. இரண்டு உறுதியான மூங்கில்கள், ஒரு கனத்த போர்வை போதும்: போர்வையின் நடுவே ஒரு மூங்கிலை வைத்து மடித்து, மடிப்பின் மேல் இரண்டாவது மூங்கிலை வைத்து, எஞ்சிய போர்வையை அதன் மேல் திரும்ப மடித்தால், படுப்பவரின் எடையே அதை இறுக்கிப் பிடிக்கும். முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மட்டும் இது கூடாது. மீட்புப் படையின் பலகைக்காகக் காத்திருக்க வேண்டும். தூக்க நான்கு பேர் போதும் என்று தொடங்கினால் கால் கிலோமீட்டரில் தோள் சோர்ந்துவிடும். ஆறு பேராக இரண்டு மூன்று அணிகள் மாறி மாறித் தூக்க வேண்டும். ஒருவர் கை வீசி முன்னே நடந்து, கல்லையும் பள்ளத்தையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இறக்கத்தில் காயம்பட்டவரின் கால் முன்னும் தலை பின்னும் இருக்க வேண்டும்.

ஹெலிகாப்டர் எல்லா இடத்திலும் வரும் என்று எண்ண வேண்டாம். பாறைக்கு அருகில் சுழலும் காற்றில் அது நெருங்கவே முடியாமல் போகலாம். வந்தால், துண்டு, தொப்பி, காகிதம் என்று பறக்கக்கூடிய அனைத்தையும் பைக்குள் வைத்துவிட்டு, இரு கைகளையும் மேல்நோக்கி விரித்து நிற்பது ‘உதவி வேண்டும்’ என்பதற்கான குறி. ஒரு கையை உயர்த்தி மறுகையைத் தாழ்த்தி நிற்பது ‘வேண்டாம்’ என்பதற்கான குறி. மகிழ்ச்சியில் ஒற்றைக் கையை ஆட்டுவது விமானிக்குத் தவறான செய்தியாகப் போய்ச் சேரலாம். இறக்கிய கம்பி வடம் முதலில் தரையையோ பாறையையோ தொடும் வரை அதைக் கையால் பிடிக்கக் கூடாது, அதில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும்.

எல்லோரும் கீழே வந்ததும் தலைகளை எண்ண வேண்டும். மீட்புக்கு வந்த ஊர்க்காரர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். வேறு பக்கத்தில் தேடப் போனவர் யாரேனும் இருந்தால் அவருக்கு ஆள் அனுப்ப வேண்டும். கட்டுப்பாட்டு அறையை மீண்டும் அழைத்து, ஆள் கிடைத்துவிட்டார் என்று சொல்லித் தேடலை முடிக்கச் செய்ய வேண்டும். கடன் வாங்கிய கிணற்று வடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அது பாறையில் உரசியது, ஆளின் எடையைத் தாங்கியது என்பதை உரியவரிடம் சொல்லிவிட வேண்டும்; நார் பிய்ந்திருந்தால் புது வடம் வாங்கித் தருவது நம் கடமை. அதன் பின் காலையில் தாளில் எண் எழுதிக் கொடுத்த அந்த வீட்டுக்குப் போய், “அஞ்சு பேரும் இறங்கிட்டோம், அண்ணா” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். சொல்லாமல் போய்விட்டால், இருட்டிய பிறகு அவர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு உங்களைத் தேடி அதே பாறையில் ஏறிக்கொண்டிருப்பார்.